கடந்த இருபத்துநான்கு மணி நேரத்தில்

வேலந்தாவளம் செக்போஸ்டில் பஸ் நிற்கிறது.
என் பையில் அறுபது படிவங்கள்.
ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்து,
மூலத்தைப் பார்த்திராத ஒருவர் கையால்
மறுபடி ஆங்கிலத்துக்குப் போய்,
போன இடத்தில் முகம் மாறி,
திருத்தப்பட்டு வந்தவை.
தக்காளிக் கூடைகளைக் கிளறிப் பார்க்கிறார்கள்.
காகிதத்தை யாரும் கேட்கவில்லை.

தூக்கக் கலக்கத்துக்கு 'மயக்கம்' என்று எழுதியிருந்தோம்.
யாரோ நினைவிழந்து விழுவதாகத் திரும்பி வந்தது.
'சங்கடம்' போய், வெட்கமாக வந்தது.
வாந்தி மட்டும்
போன மாதிரியே வந்தது.

கொழிஞ்சாம்பாறையில் வியாழன்தோறும் வலி நிவாரண கிளினிக்.
போர்டில் மலையாளம், பெஞ்சில் தமிழ்,
மருந்துச் சீட்டில் இரண்டும் இல்லை.
சிஸ்டர் ரெஜிமோள் ஒரு ஸ்டூல் தந்தாள்.
அதற்கு ஒரு கால் குட்டை.

வலியே இல்லையென்றால் பூஜ்யம்.
நினைத்துப் பார்க்கக்கூடிய மிக மோசமான வலி, பத்து.
கமிட்டி ஒப்புக்கொண்ட வாக்கியம்.
கிட்டாத்தாள் கேட்டாள்:
"நெனச்சுப் பாக்கறதுன்னா, நானுங்களா, நீங்களா?"
பால் சொசைட்டியில் இருபது வருஷம் ஊற்றியவள்.
"டிகிரி பாக்கற மாதிரிதானுங்?
காலப் பாலு ஒண்ணு காட்டும், பொழுதோட ஒண்ணு காட்டும்.
எந்தப் பாலுக்கு வெலை போடறீங்?"
அடுத்த கேள்வி சோர்வு.
"அது பேப்பர்ல வர்றதுங். நமக்கு அசதி."
அசதி என்று பென்சிலால் எழுதிக்கொண்டேன்.
பாதி சிரித்தாள்; மீதிக்கு
இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

சவரியப்பனுக்குத் தாடையில்.
பேச்சு போய் நான்கு மாதம்.
வலது கையில் துண்டை வாயோடு ஒற்றிக்கொண்டு
இடது கை விரல்களால் சொன்னார்.
வலி ஐந்து. அசதி ஐந்து. பசியின்மை ஐந்து.
மூச்சுத் திணறல் இரண்டு.
வாய் உலர்வு, ஐந்தை இரண்டு முறை அசைத்துக் காட்டினார்.
நான் ஐந்து என்றே போட்டேன்.

ஏழு நாள் கழித்து அதே கேள்விகள்.
நிலைமை மாறாதவர்களிடம் மட்டும் கேட்க வேண்டும்,
அதே எண் வந்தால் கருவி நம்பகமானது.
நான் வாய் திறக்குமுன்
மனைவி ஞானப்பூ ஒரு காலண்டர் தாளைப் பிரித்து
வாசிக்க ஆரம்பித்தாள்:
ஐந்து, ஐந்து, ஐந்து, இரண்டு.
சட்டையைப் பிடித்துக்கொண்டு போன வாரமே
எழுதி வைத்திருக்கிறாள்.
"மாத்திச் சொன்னா மாத்தரய நிறுத்திருவாங்களோன்னு."
தேதிக்கு மேலே தேய்பிறை அஷ்டமி.
பின்பக்கம் அவர் கேட்ட அரிசிக்கஞ்சியின் கணக்கு,
எத்தனை கரண்டி இறங்கியது என்று:
செவ்வாய் ஆறு, புதன் இரண்டு,
இன்றைக்குக் கோடு.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
யாரும் நிறுத்த மாட்டார்கள் என்றேன்.
துண்டை என்னிடம் கொடுங்கள் என்றேன்.
கொடுக்கவில்லை. நாற்றத்துக்குக் கூச்சப்பட்டார்.
சங்கடம், வெட்கமாகத் திரும்பியது
தப்பில்லையோ என்று அப்போது தோன்றியது.
பிறகு கொடுத்தார். நனைந்து கனத்தது.
நான் அவர் வாயோரம் ஒற்றிப் பிடித்திருக்க
இரண்டு கைகளும் மெல்ல எழுந்தன.
வலி, ஒன்பது.
அசதிக்குப் பத்து விரலும் விரித்து
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்,
ஜன்னலில் யாரையோ நிறுத்துகிற மாதிரி.
ரெஜிமோள் பார்த்துவிட்டு
டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

கோயமுத்தூரிலிருந்து புள்ளியியல்காரர் போன் செய்தார்.
எல்லாம் நன்றாகப் பொருந்துகிறதாம்,
முப்பத்தேழாம் நம்பர் மட்டும் கெடுக்கிறதாம்.
பதிவில் தவறா, எடுத்துவிடலாமா?
"வேண்டாம் சார். முதல் வாரம்
அவருக்கு ஒரு கைதான் காலியாக இருந்தது."
அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

கையேட்டில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது:
விரலால் பதில் சொல்பவரின் துண்டை
கேட்பவர் பிடித்துக்கொள்ளவும்.
இதை மறுபடி ஆங்கிலமாக்க
இன்னும் அனுப்பவில்லை.